அங்கன்வாடிச் சுவரில் விழித்திரைப் புற்றுநோய் ஓவியம்: எதை வரைவது, எப்படி வரைவது?

மதகடி:
வணக்கம். எங்கள் ஒன்றியத்தில் 12 அங்கன்வாடி மையங்களின் வெளிச்சுவரில் ரெட்டினோபிளாஸ்டோமா (சிறு குழந்தைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய்) பற்றி ஓவியம் தீட்ட அனுமதி கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு சுவரும் ஏறத்தாழ 10 அடிக்கு 6 அடி. கையில் இருக்கும் மாதிரி இது: இடப்பக்கம் அழும் தாய், மடியில் குழந்தை, மேலே ரிப்பன், வலப்பக்கம் எட்டு அறிகுறிகள் வரிசையாக, அடியில் 'விழிப்புணர்வே முதல் மருந்து'. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. வேலைக்கு ஆகுமா என்பதுதான் சந்தேகம். கண் மருத்துவம், ஓவியம், சுவர் வேலை தெரிந்தவர்கள் தயவு பார்க்காமல் பிரித்து மேயுங்கள். பெயிண்ட் கணக்கும் வேண்டும்.

விழித்திரை:
இந்த மாதிரியில் நோய் எங்கே இருக்கிறது? அழும் தாயைப் பார்த்து யாரும் தன் குழந்தையின் கண்ணைப் பார்க்கப் போவதில்லை.

இந்த நோயில் ஓவியத்துக்கு வேலை இருப்பதற்கே ஒரு காரணம் உண்டு. அறிகுறி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. கருவிழியின் நடுவில் கறுப்பாகத் தெரியும் ஓட்டை, அதாவது கண் பாவை, வெள்ளையாகத் தெரியும். உள்ளே போகும் வெளிச்சம் வழக்கமாக விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக் குழாய்ப் படலத்தில் பட்டுச் செம்மஞ்சளாகத் திரும்பும். ஃபிளாஷ் படத்தில் கண் சிவப்பாக விழுவது அதனால்தான். விழித்திரையில் கட்டி இருந்தால் வெளிச்சம் அந்தக் கட்டியில் பட்டு வெள்ளையாகத் திரும்பும். குழந்தைக்கு ஆரம்பத்தில் வலி கிடையாது. ஒரு கண் போனாலும் மறு கண்ணால் விளையாடிக்கொண்டிருக்கும், தானாகச் சொல்லாது. பார்க்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று. கிட்டத்தட்ட எல்லாமே 5 வயதுக்குள். இரண்டு கண்ணிலும் வருவது ஒரு வயதை ஒட்டியும், ஒரு கண்ணில் வருவது இரண்டு வயதை ஒட்டியும் பிடிபடும். 2020இல் 153 நாடுகளின் 4,351 குழந்தைகளை வைத்து வந்த ஆய்வில், பணக்கார நாடுகளில் நோய் கண்டறியப்படும் இடைநிலை வயது 14 மாதம், ஏழை நாடுகளில் 30 மாதம். அந்த 16 மாதத்தின் விலை இது: கட்டி கண்ணை விட்டு வெளியே பரவிய நிலையில் வந்தவர்கள் பணக்கார நாடுகளில் 1.5 சதவீதம், ஏழை நாடுகளில் 49 சதவீதம். கட்டி கண்ணுக்குள் இருக்கும்வரை உயிரைக் காப்பாற்றுவது பெரும்பாலும் நடக்கும். பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம்.

எட்டு அறிகுறி வேண்டவே வேண்டாம். கண் சிவந்து, வீங்கி, பிதுங்கி நிற்பதெல்லாம் தாமதமான நிலை. அதை வரைந்தால் 'நம் குழந்தைக்கு அப்படி இல்லையே' என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள். முதலாவது வெள்ளைப் பாவை. இரண்டாவது புதிதாக வந்த மாறுகண். 'அதிர்ஷ்டக் கண்' என்று விட்டுவிடுவதால் இரண்டாவதையும் ஓரத்தில் சிறியதாகப் போடலாம். அதோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று. பாவை விரிந்திருக்கும் மங்கல் வெளிச்சத்தில், ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் வெள்ளை பளிச்சிடும். சாயங்காலம் விளக்கடியில் அம்மா பார்ப்பார். மறுநாள் நண்பகலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாருக்கும் தெரியாது. அம்மா கதை கட்டுகிறார் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். ஆகவே சுவரில் 'மாலை வெளிச்சத்தில், போன் ஃபிளாஷில்' என்பதும், 'கண் மருத்துவரிடம்' என்பதும் கட்டாயம் வர வேண்டும்.

ஒற்றைக்கோடு:
விழித்திரை சொன்னதைப் படமாக்கும்போது ஓவியர் நிச்சயம் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கண் வரையப் பழகிய எந்தக் கையும் கடைசியில் பாவையின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கும். கண்ணுக்கு உயிர் வருவது அதில்தான். இந்தச் சுவரில் அதே புள்ளி படத்தைக் கொன்றுவிடும். இரண்டு கண்ணிலும் வெள்ளைப் புள்ளி இருந்தால் எது நோய், எது பளபளப்பு? ஓவியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பாவைக்குள் பளபளப்புப் புள்ளி கூடாது. வேண்டுமானால் ஐரிஸின் (பாவையைச் சுற்றியுள்ள நிற வளையம்) மேல் ஓரத்தில், இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில், மெல்லிய கீற்றாக, நீலம் கலந்த சாம்பலில் போடலாம்.

அடுத்து நிறம். படத்திலேயே மிக வெளிச்சமான இடம் நோயுள்ள பாவையாக இருக்க வேண்டும். கண்ணின் வெண்பகுதியைச் சுத்த வெள்ளையில் தீட்டினால் பாவையின் வெள்ளை அதில் கரைந்துவிடும். வெண்பகுதிக்கு வெள்ளையோடு துளி நீலமும் துளி கறுப்பும் சேர்த்து ஒரு படி இறக்குங்கள். சின்னக் குழந்தைகளின் கண் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். பாவைக்கு வெள்ளையோடு மஞ்சள் ஓக்கர் ஒரு துளி. இரவில் பூனையின் கண் மின்னும் நிறம் நினைவிருந்தால் போதும். விளிம்பில் ஒரு விரற்கடை அளவுக்குச் சாம்பலாக மங்கவிடுங்கள். கத்தரித்து ஒட்டியது போல் நின்றால் கருவிழி மேல் 'பூ விழுந்தது' என்று படித்துவிடுவார்கள்.

நம் குழந்தைகளின் ஐரிஸ் அடர் பழுப்பு. உள்ளபடியே தீட்டினால் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது ஐரிஸும் பாவையும் ஒரே கறுப்பு வட்டம். நோயுள்ள கண்ணில் சிக்கல் இல்லை, நல்ல கண்ணில்தான் பாவை காணாமல் போகும். ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தப் படத்தின் வேலையே. ஐரிஸை எரிந்த சியன்னா எனும் செம்பழுப்பில் இரண்டு படி வெளுப்பாக்கி, பாவையைத் தனியாகத் தெரியவிடுங்கள். பாவையின் விட்டம் ஐரிஸில் பாதி இருக்கட்டும். பகல் அளவில் மூன்றில் ஒரு பங்காகப் போட்டால் தூரத்திலிருந்து புள்ளி மாதிரிதான் தெரியும்.

அளவு: முகம் முழுக்க வேண்டாம். நெற்றி நடுவிலிருந்து மூக்கு நுனி வரை மட்டும், 6 அடி அகலத்துக்கு வரையுங்கள். பாவை தானாகவே 3 அங்குலம் வந்துவிடும்.

விழித்திரை:
//நெற்றி நடுவிலிருந்து மூக்கு நுனி வரை//

இதில் எனக்கு உடன்பாடில்லை. வாயில்லாமல் ஆறடிக்கு இரண்டு கண்கள் மட்டும் சுவரில் இருந்தால், கடை வாசலில் மாட்டும் கண் திருஷ்டிப் படம் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். கூடவே நோயுள்ள குழந்தைக்கு முகமே கிடையாது என்பது போல ஆகிவிடுகிறது. சிரிக்கும் முழு முகம் வேண்டும். குழந்தை நன்றாக இருக்கும்போதே இந்த அறிகுறி தெரியும் என்பதைச் சிரிப்பு ஒன்றுதான் சொல்லும்.

ஒற்றைக்கோடு:
திருஷ்டிப் படம் பற்றிச் சொன்னது சரிதான், வாபஸ். அப்படியானால் முகம் நாலரை அடி அகலம். உண்மையான விகிதத்தில் ஐரிஸ் முக அகலத்தில் 13இல் ஒரு பங்கு, அதாவது 4 அங்குலம் வரும். 5 அங்குலமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். கைக்குழந்தை முகம் என்பதால் உறுத்தாது. பாவை இரண்டரை அங்குலம். எதிர்ச் சாலையிலிருந்து, 20 அடியில், தெளிவாகத் தெரியும். கன்னத்தில் மைப் பொட்டு வைத்தால் நம் வீட்டுக் குழந்தையாகிவிடும். ஆனால் நோயுள்ள கண்ணின் பக்கம் வைக்காதீர்கள், பார்வை அங்கே ஓடிவிடும்.

பட்டிவேலு:
சுவர் வேலைக்கு வருவோம். படம் எவ்வளவு நல்லா இருந்தாலும் அடிவேலை சரியில்லன்னா அடுத்த ஐப்பசிக்குள்ள உரிஞ்சு தொங்கும்.

அங்கன்வாடிச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்பு அடிச்சது. அது மேல நேரா எமல்ஷன் போட்டா சுண்ணாம்புப் பொடியோட சேர்ந்து தோலா வந்துடும். பட்டித் தகட்டால சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, கறுப்புத் துணியால துடைச்சுப் பாருங்க. துணியில வெள்ளை ஒட்டாத வரைக்கும் சுரண்டல் முடியல. பாசி இருந்தா பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தடவி, அரை மணி விட்டு, கழுவி, ரெண்டு நாள் காயவிடணும். புதுசா பூசின சுவர்னா 28 நாள் ஆகாம கை வைக்காதீங்க, உப்புப் பூத்து நிறத்தைத் தள்ளிடும்.

60 சதுர அடிச் சுவர் ஒண்ணுக்கு வெள்ளை சிமென்ட் பட்டி ரெண்டு கோட்டுக்கு 5 கிலோ. 180ஆம் நம்பர் உப்புத்தாள். வெளிப்புற ப்ரைமர் ஒரு கோட்டு, முக்கால் லிட்டருக்குள்ள அடங்கும். வெளிப்புற எமல்ஷன் ரெண்டு கோட்டு, 1 லிட்டரிலிருந்து 1¼ லிட்டர். 12 சுவருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டா பட்டி 60 கிலோ, ப்ரைமர் 10 லிட்டர் டப்பா ஒண்ணு, வெள்ளை எமல்ஷன் 20 லிட்டர் பக்கெட் ஒண்ணு. மிஞ்சுற வெள்ளையிலதான் மத்த நிறம் எல்லாம் கலக்கப் போறீங்க, அதனால அது வீண் இல்ல. ஒவ்வொரு சுவருக்கும் தனித்தனி 1 லிட்டர் டப்பா வாங்கினா காசு கூட ஆகும், சுவருக்குச் சுவர் நிறமும் மாறும்.

நிறத்துக்கு ஸ்டெய்னர் பாட்டில் போதும். ஆனா ஒரு லிட்டர் வெள்ளைக்கு 50 மில்லிக்கு மேல ஊத்தாதீங்க. அதுக்கு மேல போனா படலம் சரியா இறுகாது, முதல் மழையில நிறம் வழியும். கறுப்பும் அடர் பழுப்பும் ஸ்டெய்னர்ல வரவே வராது, சாம்பல்தான் வரும். அது ரெண்டையும் கடையில கலந்த வெளிப்புற எமல்ஷனா வாங்கிடுங்க. கறுப்பு 1 லிட்டர், பழுப்பு 1 லிட்டர், 12 சுவருக்கும் தாராளம்.

எனாமல் கேப்பாங்க சில பேர், பளபளன்னு இருக்கும்னு. வேண்டாம். சிமென்டோட காரம் எண்ணெய் பெயிண்டைத் தின்னுடும். வெயில்ல கண் கூசும், படத்துல கண்ணே தெரியாது.

கீழ ரெண்டடி ஓதம் ஏறும், மழைத் தண்ணி தெறிக்கும், பிள்ளைங்க ஆணியால கீறும். அங்க எழுத்தும் வேண்டாம், முகமும் வேண்டாம், அடர் நிறப் பட்டை மட்டும். அப்போ உங்களுக்குக் கிடைக்கிற உயரம் 4 அடிதான் மதகடி, 6 இல்ல. முகத்தை நாலரை அடி அகலம் வைக்கணும்னா தாடையை அந்தப் பட்டைக்குள்ள இறக்கிடுங்க. கீழ தாடை அழிஞ்சாலும் கண் நிக்கும்.

மேற்குச் சுவரைக் காலையிலயும் கிழக்குச் சுவரைச் சாயங்காலமும் அடிங்க. சூடான சுவர்ல பிரஷ் இழுக்கும்போதே காஞ்சு, கோடு கோடா நிக்கும். வேலையைத் தையிலிருந்து பங்குனிக்குள்ள முடிங்க.

12 இடத்துலயும் ஒரே முகம் வரணும்னா கட்டம் போட்டு மாத்துற வேலை வேண்டாம், ஆளுக்கு ஆள் கண் மாறிடும். ஒரே ஒரு தடவை முழு அளவுல பிரவுன் தாளில வரைஞ்சு, கோட்டு மேல அரை அங்குலத்துக்கு ஒண்ணா ஊசியால துளை போடுங்க. தாளைச் சுவர்ல ஒட்டி, மெல்லிய துணியில கரித்தூளோ நீலப்பொடியோ முடிஞ்சு தட்டினா புள்ளி புள்ளியா இறங்கும். கண்ணுக்கு மட்டும் கால் அங்குலத்துக்கு ஒரு துளை. தாள் ஆறேழு சுவர் தாங்கும், அதனால ரெண்டு தாளை அடுக்கி வச்சு ஒரே தடவையில துளைச்சு வச்சுக்கங்க.

எழுத்தாணி:
பட்டிவேலு அண்ணன் உயரத்தைக் குறைத்துவிட்டதால் வாசகத்தையும் குறைத்தாக வேண்டும். முகம் போக மீதி அகலம் ஐந்தரை அடி, 66 அங்குலம். 6 அங்குல உயரத்தில் எழுதினால் கொம்பு, கால் எல்லாம் சேர்த்து ஒரு வரிக்கு ஒன்பது பத்து எழுத்துதான் வரும்.

கண்ணுக்குள்
வெள்ளையாகத்
தெரிகிறதா?

இது 6 அங்குலம். வரிகளுக்கு நடுவே 2½ அங்குலம் விடுங்கள். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வருவதால் ஆங்கிலப் பலகை மாதிரி நெருக்கினால் புள்ளி மேல் வரியில் முட்டும். அதன் கீழே 3 அங்குலத்தில்: 'மாலை வெளிச்சத்தில், போன் ஃபிளாஷில் பாருங்கள்' என இரண்டு வரி. பிறகு: 'இந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்'. 'உடனே' என்ற சொல் எல்லாச் சுவரிலும் இருக்கிறது, யாரும் அதைப் படிப்பதில்லை. கெடு சொன்னால் நிற்கும். கடைசியில் மருத்துவ உதவி எண் 104, தனிக் கட்டத்தில், 5 அங்குலம்.

நோயின் பெயரை ஓரத்தில் ஒன்றரை அங்குலத்தில் போட்டால் போதும். 'விழிப்புணர்வே முதல் மருந்து' என்பதை நீக்கிவிடுங்கள். அந்த இடத்தை இந்த வாசகம் கேட்கிறது. ஆரஞ்சு, சிவப்பில் எழுத வேண்டாம். மேற்கு வெயிலில் முதலில் வெளுப்பது அவைதான். வெளிர் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து.

கணக்கன்:
எல்லாம் சரி. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லையில் 30,000 பேர். ஆண்டுக்கு 400 பிறப்பு என்று வையுங்கள். 20,000இல் ஒன்று என்றால் அந்த எல்லையில் 50 ஆண்டுக்கு ஒரு குழந்தை. 15,000 என்று எடுத்தாலும் 38 ஆண்டு. சுவர் பெயிண்ட் 3 ஆண்டு தாங்கும். இது சுவருக்குச் செய்யும் வேலையா, நோய்க்குச் செய்யும் வேலையா?

விழித்திரை:
கணக்கு சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியில்லை.

வெள்ளைப் பாவைக்குக் காரணம் இந்தப் புற்றுநோய் மட்டுமல்ல. பிறவிக் கண்புரை, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய், விழித்திரை ரத்தக் குழாய்கள் கசியும் கோட்ஸ் நோய் எல்லாவற்றுக்கும் வாசல் இதே வெள்ளைதான். கெட்டியான பிறவிக் கண்புரையைப் பிறந்த ஆறிலிருந்து பத்து வாரத்துக்குள் எடுக்காவிட்டால், பிறகு எடுத்தும் மூளை அந்தக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொள்ளாது. மாறுகண்ணையும் சேர்த்தால் இந்தச் சுவர் அழைத்து வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது, ஆனால் கண்ணில் சரிசெய்ய வேண்டிய ஏதோ ஒன்று இருக்கும்.

இப்படிப்பட்ட பிரச்சாரம் பலன் தருமா என்பதற்கு ஹோண்டுராஸ் நாட்டு அனுபவம் இருக்கிறது. 2003இல் அங்கே தேசியத் தடுப்பூசி இயக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வெள்ளைப் பாவை பற்றிச் சுவரொட்டி, துண்டறிக்கை, வானொலி, தொலைக்காட்சி என்று கொண்டுபோனார்கள். அதற்கு முன் வந்த குழந்தைகளில் கண்ணுக்கு வெளியே பரவியிருந்தது 73 சதவீதம், பின்பு 35 சதவீதம். சின்ன நாடு, எண்ணிக்கை பெரிதில்லை, இருந்தாலும் திசை தெளிவு. கவனிக்க வேண்டியது, அவர்கள் தனியாக ஒரு நாள் வைத்து ஊர்வலம் போகவில்லை. தாய்மார்கள் எப்படியும் வரும் இடத்தில் போய் நின்றார்கள். அங்கன்வாடியைத் தேர்ந்தெடுத்தது அந்த வகையில் சரி. பிப்ரவரி கடைசி நாளான அரிய நோய் தினத்துக்குத் திறப்பு விழா வைப்பதெல்லாம் உங்கள் விருப்பம்.

கணக்கன்:
அப்படியானால் 12 அங்கன்வாடிக்குப் பதில் தடுப்பூசி போடும் இடங்கள் எல்லாவற்றிலும் ஒரு சிறிய சுவரொட்டி. அதுதான் என் கணக்குக்கு ஒத்துவரும்.

ரேடியம்கடை:
சுவரொட்டி என்றால் ஒரு உத்தி இருக்கிறது. 2014இல் பிரிட்டனில் குழந்தைகள் கண் புற்றுநோய் அறக்கட்டளை ஒட்டிய படங்களில் குழந்தையின் கண் வெறும் கண்ணுக்குச் சாதாரணமாக இருக்கும். போனில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால் பாவை வெள்ளையாக மாறும். ஒளியை வந்த வழியே திருப்பும் மையில் அச்சிட்டிருந்தார்கள்.

இங்கே அந்த மை தேட வேண்டாம். வண்டி ஸ்டிக்கர் கடையில் 'கறுப்பு ரேடியம்' என்று கேளுங்கள். பகலில் கறுப்பாக இருக்கும், ஹெட்லைட் பட்டால் வெள்ளையாக எரியும். ஏ3 அளவுப் படத்தில் ஒரு பாவைக்கு மட்டும் அதை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள், மறு பாவைக்குச் சாதாரண மேட் கறுப்பு ஸ்டிக்கர். இரண்டின் கறுப்பும் ஒத்துப் போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். ரேடியம் கொஞ்சம் சாம்பலாக இருக்கும். அதற்கேற்ப மறு கண்ணுக்குச் சாம்பல் கலந்த கறுப்பைத் தேடுங்கள், இல்லையேல் குட்டு முன்பே உடைந்துவிடும்.

இது வேலை செய்வதற்குக் காரணம், போனில் ஃபிளாஷும் லென்ஸும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பது. 2 மீட்டர் தள்ளி நின்றால் அந்தக் கோணம் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, திரும்பும் ஒளி நேராக லென்ஸுக்குள் விழும். ஒரு முழத் தூரத்தில் நின்று எடுத்தால் கோணம் கூடி வெள்ளை மங்கும். அதனால் தரையில் கால் தடம் ஒட்டி 'இங்கே நின்று எடுக்கவும்' என்று போடுங்கள்.

கெடும் இடங்கள்: பளபளப்பான (கிளாஸி) லேமினேஷன் போட்டால் ஃபிளாஷ் முழுவதும் தாளிலேயே பளீரென்று அடிக்கும். மேட் லேமினேஷன் போட்டு, அதன் மேல் ஸ்டிக்கரை ஒட்டுங்கள், அடியில் அல்ல. போனில் ஃபிளாஷ் 'ஆட்டோ'வில் இருந்தால் வெளிச்சமான அறையில் எரியாது, 'ஆன்' என்று மாற்றச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவே மாட்டாதீர்கள்.

விழித்திரை:
அருமையான யோசனை. சுவரொட்டியில் எடுத்துப் பார்த்தவர் அடுத்து தன் குழந்தையை எடுப்பார், அதற்கும் வழி சொல்லிவிடுங்கள். அறையில் மங்கல் வெளிச்சம், முழு இருட்டு வேண்டாம். ஒன்றிரண்டு மீட்டர் தூரம். போனில் சிவப்புக் கண் திருத்தம் இருந்தால் நிறுத்திவிடவும். நேராகப் பார்க்கும்போது ஒன்று, சற்று இடம், வலம், மேல் பார்க்கும்போது ஒவ்வொன்று. கட்டி ஓரத்தில் இருந்தால் நேர்ப் படத்தில் அகப்படாது.

பொய் எச்சரிக்கையும் வரும். குழந்தையின் கண் மூக்குப் பக்கமாகச் சுமார் 15 டிகிரி திரும்பியிருக்கும்போது ஃபிளாஷ் பார்வை நரம்பு முனையில் பட்டு, நல்ல கண்ணும் வெள்ளையாக விழும். இதைப் படித்துவிட்டு 'ஒரு படத்தில்தானே' என்று யாரும் விட்டுவிட வேண்டாம். அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. சுவரொட்டியில் விதிவிலக்கு எழுத இடமும் இல்லை.

அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரையன் ஷா குழுவினர் குடும்பப் படங்களில் வெள்ளைப் பாவையைத் தேடும் போன் செயலி ஒன்றை உருவாக்கினார்கள். 2019இல் வெளியான அவர்கள் ஆய்வில், கண் நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேரின் பழைய படங்களில், நோய் கண்டறியப்பட்டதற்குச் சராசரியாக 1.3 ஆண்டு முன்பே செயலி வெள்ளையைக் கண்டது. அதாவது ஆதாரம் வீட்டுப் போனிலேயே கிடக்கிறது. பழைய படங்களையும் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோல்பாவை:
திருவிழாவில் காட்ட நினைத்தால் இந்த நோய்க்குத் தோல்பாவைக்கூத்து மாதிரி பொருந்தும் கலை வேறில்லை. ஆட்டுத்தோலில் வெட்டிய பொம்மை, பின்னால் விளக்கு, முன்னால் வேட்டித் திரை. கண்ணுக்குள் வெளிச்சம் எப்படித் திரும்புகிறது என்பதைக் காட்ட இதைவிட என்ன வேண்டும்?

தோல்பாவைகளில் பக்கவாட்டு முகம்தான் அதிகம். இதற்கு நேர்முகம் ஒன்று புதிதாக வெட்ட வேண்டும். தலை குறைந்தது 14 அங்குலம், கண் பாவைக்கு ஓட்டை ஒரு அங்குலம். ஒரு கண்ணில் சிவப்பு ஜெலட்டின் தாள் இரண்டு மடிப்பு, மறு கண்ணில் பட்டர் பேப்பர். சும்மா ஓட்டையாக விட்டால் பின்னால் உள்ள விளக்கு புள்ளியாகத் தெரிந்து கண்ணைக் குத்தும். இரண்டு ஓட்டைக்கும் பின்னால் தோல் மூடி ஒன்று நூலில் கட்டி வையுங்கள். கதையில் மாமா போனைத் தூக்கிப் படம் எடுக்கும்போது மூடியை இழுத்தால் ஒரு கண் சிவக்கும், மறு கண் வெளுக்கும்.

விளக்கைக் கூட்டிக் குறைப்பதாக இருந்தால் சாதாரண எல்இடி பல்பில் டிம்மர் போடாதீர்கள், மினுக்கும். தனித் தனி சுவிட்சில் இரண்டு பல்பு, ஃபிளாஷுக்கு இரண்டாவதை ஒரு நொடி தட்டுங்கள். தோல்பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். நாலு விரல் தள்ளினாலும் ஓரம் மங்கி, எந்தக் கண் எது என்று தெரியாமல் போகும்.

கூத்தாடும் குடும்பத்துக்குக் கதையை எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். தகவல் மூன்று, அவ்வளவுதான். எப்போது தெரியும், எங்கே போவது, எவ்வளவு சீக்கிரம். கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அதை வைத்துச் சண்டை போட்டுக்கொள்வார்கள், அது அவர்கள் பாடு.

செவ்வந்தி:
இதே வழியில் நடந்த இன்னொரு அரிய நோய் வேலையையும் சொல்கிறேன், மாதிரிக்கு. பித்தநாள அடைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு மலம் சுண்ணாம்பு நிறத்தில் போகும். கல்லீரலைக் குடலோடு நேராக இணைக்கும் 'கசாய்' அறுவைச் சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன். தைவானில் 2002இல் சோதனையாகவும் 2004இல் நாடு முழுக்கவும் மல நிற அட்டையைத் தாய்சேய் ஏட்டில் சேர்த்தார்கள். ஜப்பானில் 2012 முதல் எல்லாத் தாய்சேய் ஏட்டிலும் இருக்கிறது. வெறும் நிறக் கட்டங்கள்தான், ஆனால் வேலை செய்கிறது.

யாராவது இதையும் சுவரில் வரையலாம் என்று கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். சுவர் நிறம் ஒரே கோடையில் வெளுக்கும், நல்ல மஞ்சள் நோய் மஞ்சளாகிவிடும். ஃபிளெக்ஸிலும் கூடாது, இயந்திரத்துக்கு இயந்திரம் நிறம் மாறும். ஆஃப்செட்டில், மருத்துவர் ஒப்புக்கொண்ட மாதிரியை அச்சகத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் அட்டை செத்தது.

மதகடி:
மலைத்துப் போய் நிற்கிறேன். இரண்டு கேள்வி. ஒன்று, சிகிச்சை முடிந்த குழந்தையின் உண்மைப் படத்தைப் பார்த்து வரையலாமா? இரண்டு, எங்கள் குழுவில் சிலர், நோயிலிருந்து மீண்ட பிள்ளைகள் வரைந்த ஓவியங்களை ஏலம் விடலாம் என்கிறார்கள்.

எழுத்தாணி:
முதலாவது, வேண்டாம். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும், சொந்த ஒன்றியத்தில் பன்னிரண்டு சுவரில் இருக்கும் முகம் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போதும் இருக்கும். இணையத்தில் எடுத்த நோயாளிப் படத்தைப் பார்த்து வரைவதும் அதே தப்புதான். இரண்டு மூன்று ஆரோக்கியமான குழந்தை முகங்களைக் கலந்து புதிதாக வரையச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஏலத்தால் பணம் வரும், நோய் சீக்கிரம் பிடிபடாது. இரண்டையும் ஒரே மேடையில் குழப்ப வேண்டாம். நடத்தினால், ஓவியத்தின் பதிப்புரிமை வரைந்த குழந்தைக்குத்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு படி படைத்தவரே முதல் உரிமையாளர். ஓவியத்தை விற்றாலும் காலண்டரில் அச்சிடும் உரிமை சேர்ந்து போகாது. பெற்றோரிடம் எழுத்தில் வாங்குங்கள்: எந்தப் படம், எத்தனை பிரதி, எத்தனை ஆண்டு, பெயர் போடலாமா. பெயருக்குப் பக்கத்தில் நோயின் பெயரை எழுதும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், வயது போதும்.

ஒற்றைக்கோடு:
தீட்டுவதற்கு முன் ஒரு சோதனை. முகத்தை மட்டும், எழுத்தில்லாமல், ஏ3 தாளில் அடித்துக்கொண்டு ஊட்டச்சத்து மாவு வாங்க வரும் தாய்மார்கள் பத்துப் பேரிடம் காட்டுங்கள். 'இந்தப் படத்தில் என்ன வித்தியாசம்?' என்று மட்டும் கேளுங்கள். 'கண் எப்படி இருக்கிறது' என்று கேட்டால் விடையை நீங்களே சொன்னதாகிவிடும். எட்டுப் பேராவது ஒரு கண்ணைக் காட்ட வேண்டும். பொட்டையோ சிரிப்பையோ காட்டினால் வரைவைத் திருத்துங்கள்.

விழித்திரை:
அதோடு, சுவர் திறக்கும் முன் கிராம சுகாதார செவிலியருக்கும் குழந்தைகளைப் பரிசோதிக்க வரும் நடமாடும் மருத்துவக் குழுவுக்கும் படத்தைக் காட்டிவிடுங்கள். 'கண்ணில் வெள்ளை' என்று ஒருவர் வந்தால், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாவட்ட மருத்துவமனைக் கண் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள். சுவர் அனுப்பி செவிலியர் திருப்பினால் அந்தத் தாய் இரண்டாம் முறை வரமாட்டார். ஒரு நோட்டில் தேதி, வயது, எந்தக் கண், எங்கே அனுப்பியது, முடிவு என்ன என்று ஐந்து பத்தி. முகநூல் விருப்பங்களை எண்ணுவதைவிட இது உருப்படி.

மதகடி:
முடிவு செய்தது: முழு முகம், சிரிப்பு, ஒரு பாவை வெள்ளை, பளபளப்புப் புள்ளி கிடையாது. எழுத்தாணி தந்த வாசகம் அப்படியே. ரிப்பனும் அழும் தாயும் போயாச்சு. தடுப்பூசி நடக்கும் இடங்களுக்குக் கறுப்பு ரேடியம் சுவரொட்டி. பட்டிவேலு அண்ணே, பராமரிப்புக்கு என்ன செய்வது?

பட்டிவேலு:
104 எழுதுற கட்டத்தைத் தனி நிறத்துல, ஒன்றரை அடிக்கு ஒரு அடி விட்டுடுங்க. நம்பரோ மருத்துவமனை பேரோ மாறினா அந்தக் கட்டத்தை மட்டும் அடிச்சு மறுபடி எழுதலாம். கலந்த நிறம் ஒவ்வொண்ணுலயும் 200 மில்லி எடுத்து, மூடி இறுக்கமான பாட்டில்ல ஊத்தி, எந்த நிறம், எந்த விகிதம்னு சீட்டு ஒட்டி நிழல்ல வைங்க. வருஷா வருஷம் மழை முடிஞ்சதும் ஈரத் துணியால துடைச்சுட்டு வெள்ளைப் பாவையை மட்டும் ஒரு கோட்டு தொட்டு விடுங்க. முதல்ல அழுக்கேறுறது அதுதான்.